மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகை நெருங்கினால் நாளிதழ்களில் முழுப் பக்கத்துக்கு மெத்தை விளம்பரம் வருகிறது. '10 அங்குல ஹைபிரிட், ஆர்த்தோ, பாதி விலை' என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அந்தப் 10 அங்குலத்துக்குள் என்னென்ன அடுக்கு இருக்கிறது என்று ஒரு வரிகூடப் போடுவதில்லை. இரண்டு மாதம் கடை கடையாக ஏறி இறங்கியவன் என்ற முறையில் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது 61. மாதவரம் பக்கம் ஒரு பட்டறையில் 33 வருடம் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாட்டுகிற வேலை. அந்த வேலை என் இடுப்பில் தங்கிவிட்டது. என் எடை 88 கிலோ, என் மனைவியின் எடை 49 கிலோ. மெத்தை வாங்கப் போகிறவர் முதலில் சொல்ல வேண்டியது இந்தக் கணக்கைத்தான். ஆனால் நான் போன எந்தக் கடையிலும் யாரும் எடையைக் கேட்கவில்லை. பட்ஜெட் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால், இடுப்பு வலிக்குக் கெட்டி மெத்தைதான் நல்லது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கடையில் இருந்ததிலேயே கெட்டியானதை 23,000 ரூபாய்க்கு வாங்கினோம். என் மனைவி ஒருக்களித்துப் படுப்பவர். ஒரே வாரத்தில் தோளும் இடுப்பு எலும்பும் வலிக்கிறது என்றார். இரண்டாம் வருடம் நான் படுக்கும் பக்கம் குழி விழுந்தது. வாரண்டி 10 வருடம். வந்து பார்த்த பையன் குறுக்கே நூல் பிடித்து, ஸ்கேல் வைத்து அளந்தான். குழி ஒரு அங்குலம்தான், ஒன்றரை அங்குலம் இறங்கினால்தான் மாற்றித் தருவோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆள் படுக்காதபோது எடுத்த அளவு அது. நான் படுத்தால் அது எவ்வளவு இறங்குகிறது என்று அவன் பார்க்கவே இல்லை.

கெட்டியே நல்லது என்ற நம்பிக்கையும் தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேரை வைத்து 90 நாள் நடத்திய ஆய்வு ஒன்று 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. ரொம்பக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. இது 20 வருடத்துக்கு மேலான செய்தி. இன்றைக்கும் எலும்புக்கு நல்லது என்ற பொருளில் 'ஆர்த்தோ' என்ற சொல்லைப் போட்டு, பலகை மாதிரி இருப்பதைத்தான் வயதானவர்களிடம் காட்டுகிறார்கள்.

சரி, ஹைபிரிட்டுக்கு வருகிறேன். கீழே ஸ்பிரிங், மேலே ஃபோமோ, ரப்பர் பாலில் செய்யும் லேடெக்ஸோ இருந்தால் அது ஹைபிரிட். ஒரு கடையில் தேங்காய் நார் மேல் ஃபோம் ஒட்டியதையே ஹைபிரிட் என்று காட்டினார்கள். ஸ்பிரிங் எங்கே தம்பி என்று கேட்டால், "இதுவும் ஹைபிரிட்தான் அங்கிள்" என்கிறார். ஸ்பிரிங்கிலும் இரண்டு ஜாதி உண்டு. பழைய மாதிரியில் எல்லா ஸ்பிரிங்கும் கம்பியால் ஒன்றோடொன்று பின்னியிருக்கும், ஒரு மூலையில் உட்கார்ந்தால் மறுமூலை ஆடும். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொன்றும் தனித்தனித் துணிப்பையில் இருப்பதால் அழுத்திய இடம் மட்டும் இறங்கும். எங்கள் தெருவில் தண்ணீர் வரும் நேரம் விடிகாலை நாலரை. மனைவி எழுந்தால் நானும் விழித்துக்கொள்வேன். பாக்கெட் ஸ்பிரிங்தான் வேண்டும் என்று முடிவுசெய்ய எங்களுக்கு அந்த ஒரு காரணமே போதும்.

பாரத்துக்கு ஏற்ற ஸ்பிரிங்கா என்பதுதான் அடுத்த கேள்வி. இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாரம் ஏற்றிய லாரி ரோட்டில் நிதானமாகப் போகும். அதே லாரி காலியாகத் திரும்பும்போது குதிக்கும், டிரைவருக்கு முதுகு கழன்றுவிடும். பட்டையில் கோளாறு இருக்காது, அதன் மேல் பாரம் இல்லை, அவ்வளவுதான். மெத்தையும் இப்படித்தான். 88 கிலோவைத் தாங்குகிற ஸ்பிரிங் மேல் 49 கிலோ படுத்தால் அது போதுமான அளவு இறங்காது, உடம்புக்குக் கல்லாகத் தெரியும். 49 கிலோவுக்கு இதமாக இருப்பதில் நான் படுத்தால் இடுப்பு கீழே போய்விடும். லாரியில் லேசான பாரத்தை முக்கியப் பட்டை தாங்கும், பாரம் ஏறிய பிறகுதான் ஹெல்பர் பட்டை வேலைக்கு வரும். நல்ல ஹைபிரிட்டிலும் மேல் அடுக்கு முதலில் தோளையும் இடுப்பையும் வாங்கிக்கொள்ளும், அப்புறம்தான் ஸ்பிரிங் தாங்க ஆரம்பிக்கும். மேல் அடுக்கு ஒரே ஒரு அங்குலம் என்றால் ஒல்லியானவருக்கும் ஒருக்களித்துப் படுப்பவருக்கும் அது பத்தாது.

அதனால் கடையில் கம்பி என்ன கனம் என்று கேளுங்கள். கம்பியின் கனத்தைக் கேஜ் என்ற எண்ணில் சொல்வார்கள், அந்த எண் ஏற ஏறக் கம்பி மெல்லிசாகும். 14 கேஜ் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், 16 கேஜ் 1.6 மில்லிமீட்டர். பெரிய எண்தான் நல்லது என்று என்னிடமே ஒரு விற்பனையாளர் சொன்னார். ஸ்பிரிங் எத்தனை என்ற எண்ணிக்கையை மட்டும் கேட்டுப் பிரயோசனம் இல்லை, கம்பி கனம் தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

ஃபோமில் 'டென்சிட்டி 40' என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை இருக்கும் என்பது அதன் பொருள். டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு. டென்சிட்டி அதிகமாக இருந்தால் குழி விழ நாளாகும், அதற்காகக் கெட்டியாக இருக்கும் என்று இல்லை. இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. 10 சென்டிமீட்டர் நீள, அகல, உயரமுள்ள துண்டு 40 டென்சிட்டி என்றால் 40 கிராம் எடை காட்ட வேண்டும். 5 சென்டிமீட்டர் கனம்தான் என்றால் 20 கிராம். ஒரு கடையில் சாம்பிள் துண்டைக் கேட்டு வாங்கி, எங்கள் தெரு மளிகைக் கடைத் தராசில் போட்டேன். 20 கிராம் இருக்க வேண்டிய துண்டு 14 கிராம் இருந்தது. அதாவது டென்சிட்டி 28. மளிகைக் கடைக்காரர் இன்னொரு முறை போட்டுப் பார்த்தார், அதே 14. அந்தக் கடைப் பக்கம் நாங்கள் மறுபடி போகவில்லை.

மெமரி ஃபோம் பற்றி எங்கள் பக்கத்து மக்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1966-இல் நாசாவுக்காக, விமான இருக்கை மெத்தைக்கு சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் உருவாக்கிய பொருள் இது. சூட்டில் இளகும், குளிரில் இறுகும். ஷோரூமில் ஏசியில் படுத்துப் பார்க்கும்போது ஒரு பதம். மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழே, மின்விசிறி மட்டும் ஓடும் எங்கள் அறையில் அதற்கு வேறு பதம். உடம்பு உள்ளே புதைந்து, முதுகு நனைந்துவிடும். லேடெக்ஸ் ரப்பர் பாலில் செய்வது, சூட்டுக்கு அவ்வளவு மாறாது, அழுத்தினால் உடனே திரும்பி வரும். விலையும் கனமும் அதிகம். ஏசி இல்லாத வீட்டுக்கு மேல் அடுக்கு லேடெக்ஸ்தான் என்பது என் முடிவு.

கடலோரக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதை ராயபுரம், காசிமேடு ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காற்றே போகாத பெட்டிக் கட்டில் மேல் ஸ்பிரிங் மெத்தையைப் போடாதீர்கள், இடைவெளி விட்டு மரச்சட்டம் அடித்த கட்டிலே நல்லது. தரைத்தள வீட்டில் தண்ணீர் ஏறும் என்றால் ஹைபிரிட் பக்கமே போக வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடியில் என் தங்கை வீட்டுக்குள் இரண்டடித் தண்ணீர். ஸ்பிரிங் மெத்தையை ஒன்பது நாள் மாடியில் காயவைத்தும் நாற்றம் போகவில்லை. அடுக்குகளைப் பசை போட்டு ஒட்டியிருப்பதால் பிரிக்கவும் முடியாது. கடைசியில் குப்பை வண்டியில்தான் ஏற்றினோம். பக்கத்து வீட்டு அம்மா தன் இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து, காயவைத்து, அடித்து, புது உறையில் அடைத்துக்கொண்டார். அதில்தான் இன்றைக்கும் படுக்கிறார்.

உயரத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் கட்டில் 18 அங்குலம். அதன் மேல் 10 அங்குல மெத்தை என்றால் ஐந்தடி உயரமுள்ள என் மனைவிக்குக் கால் தரையில் படாது. 8 அங்குல மெத்தை எடுத்தோம், ஆசாரியை வைத்துக் கட்டில் காலை 5 அங்குலம் அறுத்தோம்.

கடைசியில் நாங்கள் ஒரே மெத்தை வாங்கவில்லை. ஆறுக்கு ஆறு கட்டிலில், ஆறுக்கு மூன்று மெத்தை இரண்டு போட்டிருக்கிறோம், ஆர்டர் கொடுத்துச் செய்தது. என் பக்கம் 2 மில்லிமீட்டர் கம்பி, மேலே இரண்டு அங்குல லேடெக்ஸ், ஒரு அங்குல ஃபோம். மனைவி பக்கம் மெல்லிய கம்பி, மேலே மூன்று அங்குலம் மெத்தென்ற லேடெக்ஸ். இரண்டும் சேர்ந்து 41,000 ரூபாய். நடுவில் கோடு தெரியும், பெரிய விரிப்பு போட்டால் உறுத்துவதில்லை. எங்கள் மாடிப்படி இரண்டரை அடி அகலம்தான், சிங்கிள் மெத்தை என்பதால் மடங்காமல் மேலே ஏறியது. வாங்கும் முன் ஒவ்வொரு கடையிலும் செருப்பைக் கழற்றிவிட்டு, எப்படித் தூங்குவோமோ அப்படியே கால்மணி நேரம் படுத்துப் பார்த்தோம். என் மனைவிக்கு முதலில் கூச்சம். மூன்றாவது கடையில் அவரே, "என்னங்க, இது தோள்ல இடிக்குது" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

பொருளின் தரம், அளவு, விலை இவற்றைத் தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அடுக்கடுக்காக எது எத்தனை அங்குலம், ஃபோம் என்ன டென்சிட்டி, கம்பி எத்தனை மில்லிமீட்டர், எந்த எடை ஆளுக்குப் பொருந்தும், குழி எத்தனை அங்குலம் விழுந்தால் வாரண்டி என்று ஐந்து வரி எழுதி மெத்தை மேலேயே தைத்துவிட்டால் போதும். உங்கள் நாளிதழும் மெத்தை விளம்பரம் வாங்கும்போது அந்த ஐந்து வரியைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குறை உள்ளவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம் என்பதையும் பக்கத்தில் சேர்த்துப் போடுங்கள். அந்தப் பையன் நூல் பிடித்து அளந்துவிட்டுப் போன அன்றைக்கு அந்த எண் எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81