தொரப்பள்ளி போய் வந்தோம்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. அந்தத் தைரியத்தில் நேற்று தொரப்பள்ளி போய் வந்தோம். ஓசூர் பக்கம், ராஜாஜி பிறந்த ஊர். அத்திப்பள்ளி தாண்டி கொஞ்ச தூரம்தான். இத்தனை வருஷமாக எங்களுக்குப் போகத் தோன்றவில்லை பார். ஓசூரில் டிபன் முடித்துக்கொண்டு ஆட்டோவில் போனோம்.

அவர் பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. நான் பெரிய பங்களாவாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அக்ரஹாரத்தில் ஒரு சின்ன வீடு, அவ்வளவுதான். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் இருட்டியது. செருப்பைக் கழற்றிய காலுக்குத் தரை ஜில்லென்று இருந்தது. அப்புறம்தான் சுவரிலிருந்த போட்டோக்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. 1948-ல் மவுண்ட்பேட்டனுக்கு அடுத்து கவர்னர் ஜெனரலானவர், அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர், தவழ்ந்த வீடு இது என்று நினைக்கையில் எனக்குப் பேச்சே வரவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. 1878-ல் பிறந்த அந்தப் பிள்ளை நோஞ்சானாம். பிழைக்குமோ பிழைக்காதோ என்று பெற்றவர்கள் பயந்து பயந்து வளர்த்தார்களாம். அப்பா ஊர் முன்சீப், அம்மா சிங்காரம்மா. அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் நம் பெங்களூருக்குப் படிக்க அனுப்பினார்கள். மெட்ரோவில் 'சென்ட்ரல் காலேஜ்' என்று அறிவிப்பு வருமே, அதே காலேஜ். 1894-ல் பி.ஏ. முடித்தபோது 15, 16 வயதுதான். பஸ்ஸும் போனும் இல்லாத காலத்தில் சிங்காரம்மா எப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டாளோ!

நீ ராத்திரி ராத்திரியாக வீசிங்கில் அவதிப்பட்டதும், நான் உன்னை மடியில் சாய்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்ததும் அங்கே நிற்கும்போது ஞாபகம் வந்தது. பிளஸ் டூ முடித்து உனக்கு வெளியூரில் சீட் கிடைத்தபோது, விடவே மாட்டேன் என்று நான் அழுது தடுத்தேன். நீயும் ஒரு வார்த்தை பேசாமல் இங்கேயே சேர்ந்தாய். அது தப்பு, செந்தில். உன் உடம்புக்குப் பயந்ததைவிட, நீ இல்லாத வீட்டுக்குத்தான் அதிகம் பயந்தேன். இதை முன்பே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த நோஞ்சான் பிள்ளைதான் 51 வயதில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை உப்பெடுக்க நடந்தார். 94 வயது வரை இருந்தார். நீ இப்போது இருக்கிற கொல்கத்தாவுக்கும் 1947-ல் மேற்கு வங்கத்தின் முதல் கவர்னராக வந்தவர் அவர்தான். அங்கே யாரிடமாவது கேட்டுப் பார், அவர் தங்கியிருந்த கவர்னர் மாளிகையைக் காட்டுவார்கள்.

போன வாரம் டார்ஜிலிங் பக்கம் இரண்டு வருஷத்துக்கு மாற்றல் கேட்கட்டுமா என்றாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். கேள், கண்ணா. போ. குளிர் ஊர், இன்ஹேலரைப் பெட்டிக்குள் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள். ஸ்வெட்டருக்கு நூல் வாங்கிவிட்டேன். உன் தோள் அளவு மட்டும் எழுது.

அன்புடன்,
அம்மா