தாது வருஷத்தின் மேல் பழி போடாதே

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தனம்,

ஊறுகாய் வந்து சேர்ந்தது. கடிதமும் கொஞ்சம் எண்ணெய் குடித்துவிட்டுத்தான் வந்தது, ஆனாலும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டேன். பேத்தி உண்டாகியிருப்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஆறு மாதம் முடிந்த கையோடு டாக்டர் சர்க்கரை என்று சொன்னதும் வீடே இடிந்து உட்கார்ந்துவிட்டது என்கிறாய். அதற்குத்தான் இந்தப் பதில். என் முழங்கால் புராணமும் மின்வெட்டுக் கதையும் அப்புறம் போனில் பேசிக்கொள்ளலாம்.

உன் மருமகன் சொன்னாராமே, "தாது வருஷப் பஞ்சத்தில் நம் முன்னோர் பட்டினி கிடந்தார்கள், அது ஜீனில் ஏறிவிட்டது, இனி என்ன செய்தாலும் சர்க்கரை வந்தே தீரும்" என்று. முழுப் பொய் என்றால் ஒரே வரியில் தள்ளிவிடலாம். இது பாதி உண்மை, அதுதான் தொல்லை.

உண்மையை முதலில் சொல்கிறேன். 1944 கடைசியில் ஜெர்மன் படை ஹாலந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தது. ரேஷன் ஒரு ஆளுக்கு நாளைக்கு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது. 1945 மே மாதம் விடுதலை வந்ததும் பஞ்சம் நின்றது. எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று தெரிந்த பஞ்சம் அது. பிரசவப் பதிவேடுகளும் கெடாமல் இருந்தன. அதனால் யார் எந்த மாதத்தில் கருவில் இருந்தார்கள் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஐம்பது வயதானபோது குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துச் சோதித்தார்கள். பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் தாய் பட்டினி கிடந்திருந்தால் பிள்ளைக்கு ரத்தச் சர்க்கரை கூடுதலாக நின்றது.

2008-ல் இன்னொரு முடிவு வந்தது. பஞ்சத்தின்போது கருத்தரித்தவர்களையும் பஞ்சம் படாத அவர்களுடைய கூடப்பிறந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். வளர்ச்சிக்கு உதவும் ஐஜிஎஃப்2 என்ற மரபணுவின் மேல் இருக்க வேண்டிய மீத்தைல் ஒட்டு, ஆறு பத்தாண்டு கழித்தும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் இருந்தது.

மீத்தைல் என்றால் பயப்படாதே. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். அது டிஎன்ஏ மேல் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் அங்கிருக்கும் மரபணு வாயை மூடிக்கொள்ளும். எழுத்து மாறுவதில்லை, எது பேச வேண்டும் எது பேசக்கூடாது என்பதுதான் மாறுகிறது. கண்ணில் இருக்கும் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் ஒரே டிஎன்ஏ இருந்தும் அவை வேறு வேறு வேலை பார்ப்பது இப்படித்தான். இந்த மாதிரி விஷயத்துக்கு எபிஜெனெடிக்ஸ் என்று 1942-லேயே வாடிங்டன் என்ற விஞ்ஞானி பெயர் வைத்துவிட்டார். மீத்தைல் ஒட்டுவதெல்லாம் பின்னால் தெரியவந்தது.

சரி, இப்போது மருமகன் கணக்குக்கு வருகிறேன். தாது வருஷப் பஞ்சம் 1876-லிருந்து 1878 வரை. வட ஆற்காட்டிலிருந்து எத்தனையோ பேர் கப்பல் ஏறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தார்கள், நம் ஆயாவுக்கு ஆயாவும் அதில் ஒருத்தியாக இருக்கலாம். ஒரு கர்ப்பிணி பட்டினி கிடந்தால் அவள், வயிற்றில் இருக்கும் பெண், அந்தப் பெண்ணுக்குள் அப்போதே உருவாகிக்கொண்டிருக்கும் கருமுட்டை என்று மூன்று தலைமுறையும் நேரடியாகப் பசியைப் பார்க்கிறது. அதைப் பரம்பரை என்று சொல்ல முடியாது. நாலாவது தலைமுறையில் அதே அடையாளம் இருந்தால்தான் பரம்பரை. மனிதரிடம் அதை யாரும் உறுதியாகக் காட்டவில்லை. கரு உருவாகும் முதல் நாட்களிலேயே பழைய ஒட்டுகளில் பெரும்பாலானவை துடைக்கப்படுகின்றன. கருமுட்டையும் விந்தும் ஆகப்போகும் செல்களில் இன்னொரு முறையும் துடைப்பு நடக்கிறது.

முதல் துடைப்புக்குத் தப்பும் மரபணுக்கள் கொஞ்சம் உண்டு, அப்பாவிடமிருந்து வந்ததா அம்மாவிடமிருந்து வந்ததா என்று அடையாளம் வைத்திருப்பவை. நான் வேலை பார்த்த வார்டில் ஒரு குழந்தை பார்த்தேன், தூக்கினால் ஈரத்துணி மாதிரி தொங்கும், முலை உறிஞ்சத் தெம்பில்லை. பிராடர்-வில்லி என்றார்கள். பதினைந்தாவது குரோமோசோமில் அப்பா வழித் துண்டு வேலை செய்யாவிட்டால் இது. பாலுக்கு வாய் திறக்காத அதே பிள்ளைகள் வளர வளர அடங்காப் பசிக்கு ஆளாவார்கள். அதே இடத்தில் அம்மா வழித் துண்டு போனால் ஏஞ்சல்மன் என்ற வேறு நோய். ஒரே இடம்தான், யார் கொடுத்தது என்பதில் இவ்வளவு வித்தியாசம். எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை.

இன்னொன்று யோசித்துப் பார். சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிக் கடை வைக்க வந்த குஜராத்தி வீடுகளிலும் சர்க்கரை இருக்கிறதே, அவர்கள் எந்தத் தாது வருஷத்தைக் கண்டார்கள்? நம் மரபணுவிலேயே ஒரு பங்கு இருக்கிறது. மீதியை நாம் சாப்பாட்டில் போட்டோம். அரை ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பிக் கூல்டிரிங்கோடு பன்னி சௌ தின்றுவிட்டு பஞ்சத்தைக் குற்றம் சொன்னால் எப்படி?

அதற்காகப் பேத்தியைத் திட்ட ஆரம்பித்துவிடாதீர்கள். முன்பெல்லாம் தலையெழுத்து என்றார்கள், இப்போது எபிஜெனெடிக்ஸ் பேரைச் சொல்லி அம்மாக்காரி தலையில் கட்டுகிறார்கள். எனக்கு அதுதான் கோபம். புனேயில் யாஜ்னிக் என்ற டாக்டரின் குழு பார்த்தது நினைவுக்கு வருகிறது. அங்கே பிறந்த பிள்ளைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. நாற்பது வருஷம் நானும் தராசில் பிள்ளைகளைப் போட்டிருக்கிறேன். குச்சிக் கை, குச்சிக் கால், தொப்புளைச் சுற்றி மட்டும் மெத்தென்று. அதற்கு அந்தத் தாயின் ஒன்பது மாதம் மட்டும் பொறுப்பாகுமா? அவளுக்குச் சின்ன வயதில் என்ன கிடைத்தது, கல்யாணமாகி வந்த வீட்டில் முதலில் யார் சாப்பிட்டார்கள் என்றெல்லாம் கேட்க வேண்டாமா?

அரசாங்கம் செய்ய வேண்டியதைச் செய்தால் பலன் தெரியும். 2003 அக்டோபரிலிருந்து இங்கே மீலி மாவிலும் (மக்காச்சோள மாவுதான்) ரொட்டி மாவிலும் ஃபோலிக் அமிலம் சேர்க்கிறார்கள். மூளையோ முதுகுத்தண்டோ சரியாக மூடாமல் பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தன. எந்தத் தாய்க்கும் யாரும் உபதேசம் செய்யவில்லை, மாவை மாற்றினார்கள். மீத்தைல் கிடைக்க உடம்புக்கு ஃபோலேட்டும் (ஃபோலிக் அமிலம் அதன் ஒரு வடிவம்) வைட்டமின் பி12-ம் வேண்டும். ஃபோலேட் மாவிலேயே வந்துவிடும். பி12 மீன், முட்டை, பால், கறி இவற்றில்தான். புரட்டாசி ஒரு மாத விரதத்தால் ஒன்றும் ஆகாது, கல்லீரலில் இருப்பு இருக்கும். ஆனால் பேத்தி வருஷம் முழுக்க சைவம், பாலும் தொடமாட்டாள் என்று எழுதியிருக்கிறாய். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையை நாள்பட்டுச் சாப்பிட்டால் அதுவும் பி12-ஐக் குறைக்கும். அடுத்த முறை போகும்போது பி12 டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேட்கட்டும், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து இருபது நிமிஷம் நடக்கட்டும். சோற்றை நிறுத்தாதீர்கள், அளவைக் குறையுங்கள். பிரசவமானதும் சர்க்கரை இறங்கிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், ஆறு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு வராமல் போனவர்களைத்தான் நான் வார்டில் அதிகம் பார்த்தேன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற அவசரம்.

பிரசவ சமயத்தில் மாரிட்ஸ்பர்க் வந்து உன்னோடு ஒரு வாரம் இருக்கிறேன். ஊறுகாயை இந்தத் தடவை ஜாடியோடு வந்து வாங்கிக்கொள்கிறேன். மருமகனிடம் நான் கோபிக்கவில்லை என்று சொல், ஆனால் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டு.

உன் ருக்மணி