அனலாக் சத்தத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மின்சாரத்தால் சத்தத்தை உருவாக்கும் கருவியான சிந்தசைசர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மின்சுற்றிலேயே சத்தம் பிறக்கும் அனலாக் கருவிக்குத்தான் உயிர் உண்டு, எண்களால் உருவாக்கும் டிஜிட்டல் சத்தம் வெறும் கணக்கு என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நான் மதுரையில் 25 வருடமாகக் கீபோர்டு ரிப்பேர் செய்கிறேன். இரண்டு வகையையும் திறந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதைப் படித்துவிட்டு என் கடைக்கு வரப்போகும் பையன்களை நினைத்தால் கவலையாகவும் இருக்கிறது.

அனலாக் சத்தம் கனமாக, இதமாகக் கேட்கும் என்பது உண்மைதான். 1970-ல் வந்த மினிமூக் என்ற அனலாக் சிந்தசைசரில் மூன்று ஆசிலேட்டர்கள், அதாவது சத்த அலையை உருவாக்கும் சுற்றுகள். மூன்றையும் ஒரே சுருதியில் வைத்தாலும், சூடு ஏற ஏற ஒவ்வொன்றும் இம்மியளவு விலகும். ஒன்று 440 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 440 அதிர்வு) இன்னொன்று 441-லும் நின்றால், நொடிக்கு ஒரு முறை சத்தம் எழும்பி அடங்கும். தம்புராவுக்குச் சுருதி சேர்த்தவர்களுக்கு இந்த அலைவு நன்றாகத் தெரியும். அதோடு, சத்தத்தின் கூர்மையைக் குறைக்கும் ஃபில்டருக்குள் சத்தத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் டிரான்சிஸ்டர்கள் அலையின் முனைகளை மழுக்கிவிடும். நாம் இதம் என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த விலகலும் மழுங்கலும்தான். காரணம் தெரிந்துவிட்டதால் அதைக் கணக்காகவும் எழுத முடிகிறது.

ஆரம்பகால சாப்ட்வேர் சிந்தசைசர்கள் காதை அறுத்தன என்பதும் மெய். நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதும் முறையில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பதிய முடியாது. அதற்கு மேலே போகிற சத்தம் மறையாமல் மடங்கிக் கீழே வந்துவிடும். ரம்பப்பல் வடிவத்தில் இருக்கும் சா டூத் அலையில் அடிப்படைச் சுரத்தின் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கும். 3,000 ஹெர்ட்ஸில் அதை அப்படியே கணக்குப்போட்டு வாசித்தால், 15-வது மடங்கு 45,000. அது மடங்கி, 44,100 போக மீதி 900 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். யாரும் வாசிக்காத சுரம், வாசித்த சுரத்துக்குக் கீழே, எந்தச் சுருதியிலும் சேராமல் கேட்கும். இன்றைய நல்ல சாப்ட்வேர்கள் அலையை உருவாக்கும்போதே இதைத் தடுத்துவிடுகின்றன. ஃபில்டரிலிருந்து வெளிவரும் சத்தம் மறுபடி உள்ளே போகிற இடத்தில் முன்பு ஒரு சாம்பிள், அதாவது ஒரு தடவை அளக்கும் நேரம், தாமதம் இருந்தது. அதற்கும் வழி கண்டுவிட்டார்கள். 20 வருடத்துக்கு முன் கேட்டதை வைத்து இன்றைக்கும் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

கட்டுரையாளர் புகழ்ந்திருக்கும் 1982-ம் வருடத்து ஜூனோ-60 என்ற சிந்தசைசரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அலையும் ஃபில்டரும் அனலாக். ஆனால் சுருதியைப் பிடித்து நிறுத்துவது ஒரு டிஜிட்டல் கடிகாரம். அதை எந்தப் பக்கம் வைப்பது?

1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 என்ற டிஜிட்டல் சிந்தசைசரை அவர் 'குளிர்ந்த பெட்டி' என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967-ல் ஒரு சத்தத்தைக் கொண்டு இன்னொரு சத்தத்தின் சுருதியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக ஆட்டினால் கமகம் போலக் கேட்கிறது. மிக வேகமாக ஆட்டினால் சத்தத்தின் குணமே மாறி மணியாக, உலோகமாக ஒலிக்கிறது. இதுதான் டிஎக்ஸ்7-க்கு அடிப்படை. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆறு ஆபரேட்டர்கள் (டிஜிட்டல் ஆசிலேட்டர்கள்), அவற்றை இணைக்க 32 வழிகள், ஒரே நேரத்தில் 16 சுரங்கள். அதன் எலெக்ட்ரிக் பியானோவை மெல்லத் தொட்டால் வட்டமாக ஒலிக்கும், ஓங்கி அடித்தால் நுனியில் 'டிங்' என்று ஒரு மணி கிளம்பும். மினிமூகில் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான், விரலின் வேகத்தை அந்தக் கீ அறியாது. விரலுக்குப் பதில் சொல்கிற கருவியை உயிரில்லாதது என்று எப்படிச் சொல்வது?

டிஎக்ஸ்7-ன் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. மினிமூகில் வேலைக்கு ஒரு நாப். கை போன இடத்தில் சத்தம் மாறும். டிஎக்ஸ்7-ல் பட்டன்கள், ஒரு ஸ்லைடர், இரண்டு வரி டிஸ்பிளே. நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகளை அந்தச் சின்ன டிஸ்பிளே வழியாக ஒவ்வொன்றாகத் தேடி மாற்ற வேண்டும். அதனால் பெரும்பாலோர் கம்பெனி கொடுத்த சத்தத்தையே வாசித்தார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகு பழி டிஜிட்டல் மேல் விழுந்தது.

போன வருடம் ஒரு பையன் வட்டிக்குக் கடன் வாங்கி, 80-களில் வந்த ஒரு பழைய அனலாக் கீபோர்டு வாங்கி வந்தான். ஒரே கீயைத் தொடர்ந்து அழுத்தினால் ஆறில் ஒரு தடவை 'கரகர' என்றது. ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஆறு சுரங்களுக்கு ஆறு சிப், அவை முறைவைத்து ஒலிக்கும். அதில் ஒன்றின் மேல்பூச்சு கெட்டுப்போயிருந்தது. கழற்றி அசிட்டோனில் சில நாள் ஊறவைத்துப் பூச்சைச் சுரண்டி எடுத்தேன், சரியாயிற்று. மற்ற ஐந்தும் எப்போது போகும் என்று அவன் கேட்டான். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. பாட்டுக்கு உயிர் வரும் என்று எதிலோ படித்து வாங்கியிருக்கிறான். அவன் லேப்டாப்பிலேயே, காசு கொடுக்காமல் கிடைக்கும் சர்ஜ் என்ற சாப்ட்வேரில் இரண்டு ஆசிலேட்டர்களை லேசாக விலக்கி, சுருதியைக் கொஞ்சம் அலையவிட்டு, ஃபில்டருக்கு முன்னால் சத்தத்தைக் கூட்டிக் காட்டினேன். ஹெட்போனைக் கழற்றாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

பழைய கருவிகள் மேல் எனக்கும் பிரியம் உண்டு. அவற்றைக் காப்பாற்றுவதே என் தொழில். வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். ஆனால் இசை கற்றுக்கொள்ளும் பிள்ளைகளும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அடுத்த இதழில், வெறும் சா டூத் அலை ஒன்றில் தொடங்கி நல்ல பேஸ் (கீழ்ச்சுருதி) சத்தம் ஒன்றை உருவாக்குவது எப்படி என்று விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுத வையுங்கள். காசில்லாமல் கிடைக்கும் சாப்ட்வேரிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கீபோர்டு ரிப்பேர் செய்யும் ஒரு வாசகன்,
மதுரை.