காற்றடிக்கிற நாளில் கடற்கரைக்குப் போ

அன்புள்ள கண்ணா,

நீ பைனாகுலர் வாங்கியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதுவும் பத்து மடங்கு வேண்டாம் என்று விட்டுவிட்டு, எட்டு மடங்கில் 42 மில்லிமீட்டர் கண்ணாடியாகப் பார்த்து வாங்கியிருக்கிறாய். காற்றில் கை ஆடும்போது பறவை பெரிதாகத் தெரிந்து என்ன பிரயோஜனம்? ஆடாமல் தெரிய வேண்டும். “இந்தக் காற்றிலும் மழையிலும் யாராவது பறவை பார்க்கப் போவார்களா அம்மா?” என்று போனில் கேட்டாய் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை நான் போய்விட்டு வந்தேன். போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன்.

பனிக்காலம் முடியப்போகிற சமயம். விடிகாலையிலிருந்தே காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து அடித்தது. முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று எவ்வளவு பலமாக அடித்தாலும் நமக்கு ஒன்றும் கிடைக்காது. கரையை நோக்கி அடித்தால்தான் நடுக்கடலில் திரிகிற பறவைகள் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு வரும். குடை பிடிக்கத் திணற வைக்கும் காற்றுக்கு, காற்றின் பலத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 6 என்று பெயர். மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர். அன்றைக்கு அந்த அளவுக்குக் குறைவில்லை. அலை ஏறுகிற பாறைப் பக்கம் நான் போகவில்லை, நீயும் போகாதே. மேட்டில் ஒரு சுவரின் மறைவில் தரையோடு தரையாக உட்கார்ந்து, தொலைநோக்கியின் முக்காலியையும் முழுதாக விரிக்காமல் தாழ்வாக வைத்துக்கொண்டேன்.

வெகுநேரம் வெறும் தண்ணீர்தான். அப்புறம் ஷியர்வாட்டர் என்கிற கடற்பறவை ஒன்று வந்தது. சிறகை அசைக்காமல் அலைப் பள்ளத்துக்குள் இறங்கி மறையும். காற்றை எதிர்த்து மேலே எழும்பும். திரும்பிச் சரிந்து மறுபடியும் கீழே இறங்கும். தண்ணீரை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, மேலே போகப் போக அதிகம். அந்த வித்தியாசத்திலிருந்தே பறக்கும் சக்தியை எடுத்துக்கொள்கிறது. காற்று இல்லாத நாளில் சிரமப்பட்டுச் சிறகடிக்கிற பறவை, இப்படிப்பட்ட நாளில்தான் தன் முழுத் திறமையையும் காட்டுகிறது. கண்ணை எடுக்கவே முடியவில்லை.

ஆனாலும் நான் உண்மையில் போனது கரைப்பறவைகளுக்காக. ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறும்போது சேற்றிலும் மணலிலும் சிதறி மேய்கிற பறவைகளெல்லாம் இடமில்லாமல் ஒரே இடத்தில் வந்து சேரும். ஓதம் உச்சத்துக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிகம் ஏறுவதால் அவை இன்னும் கிட்டத்தில் வரும்.

அன்று ஒரு கல்திட்டில் எல்லாம் ஒதுங்கியிருந்தன. அத்தனையும் காற்றைப் பார்த்தபடியே நின்றன. முதுகைக் காட்டினால் இறகுகள் கலைந்து, உள்ளே இருக்கிற சூடு போய்விடும். ஒற்றைக் கால், அலகு முதுகு இறகுக்குள். கண் மட்டும் அவ்வப்போது திறந்து மூடியது. நடுவில் சாம்பல் உப்புக்கொத்தி ஒன்று. வயிற்றில் கறுப்பு இறகுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்க ஆரம்பித்திருந்தன, வடக்கே முட்டையிடப் போவதற்கான உடை. ஓரத்தில் கல்திருப்பி உள்ளான்கள். பின்னால் அலை தெறித்தபோது சாண்டர்லிங் என்கிற சின்னக் கரைப்பறவை ஒன்று இடம் மாறியது, மடக்கிய காலைக் கீழே வைக்காமல் ஒற்றைக் காலிலேயே தத்தித் தத்தி. அந்தக் காலுக்கு வந்த சூட்டைக்கூட வீணாக்க அதற்கு மனமில்லை என்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பின்விரலும் கிடையாது, மூன்றே விரல். நீ பார்க்கும்போது காலைக் கவனித்துப் பார்.

அந்த நேரத்தில் கேமராவோடு ஒருவர் திட்டை நோக்கி நேராக நடந்தார். மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. காற்றில் மூன்று முறை சுற்றியும் உட்கார இடமில்லாமல், பாதி தெற்கே போய்விட்டது. படத்தில் அது அழகாகத்தான் இருந்திருக்கும். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் சில வாரங்களில் இவை ஆர்க்டிக் பக்கம் கிளம்ப வேண்டும். சில இனங்கள் கிளம்பும் முன் உடல் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும், பெரும்பாலும் கொழுப்பு. 2022இல் பட்டைவால் மூக்கன் என்கிற கரைப்பறவை ஒன்று, பிறந்து ஐந்தே மாதமான குஞ்சு, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாட்களில் பறந்தது. அப்படிப்பட்ட பயணத்துக்கு இந்தத் திட்டில் நின்று சேர்த்துவைக்கிற கொழுப்புதான் கைமுதல். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதில் கொஞ்சம் செலவாகிறது. புயல் நாளில் மேய முடியாத நேரமும் அதிகம், அதனால் இழப்பும் அதிகம். நமக்கு நல்ல நாள், அவற்றுக்குக் கஷ்டமான நாள். மற்ற நாளைவிட அன்று இன்னும் தள்ளியே நில்லு.

எவ்வளவு தள்ளி என்று கேட்பாய். அடி, கஜம் கணக்கு வேண்டாம், பறவையைப் பார். தூங்குகிறவை அலகை வெளியே எடுத்தால் நின்றுவிடு. தலையை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, எல்லாம் ஒரே பக்கம் நடக்க ஆரம்பித்தால் நீ ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டாய். மெதுவாகப் பின்வாங்கு. கேமராக்காரர் போன பிறகு நான் இடத்தை விட்டு அசையவில்லை. ஓதம் இறங்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன, எல்லாம் வரவில்லை.

புயலுக்குப் பிறகு கரையில் கடற்பறவை ஏதாவது சோர்ந்து கிடந்தால் தூக்கிக் கடலில் விடாதே. பறக்கத் தெம்பில்லாமல்தான் ஒதுங்கியிருக்கும். வெறும் கையால் தொடவும் வேண்டாம், பறவைக் காய்ச்சல் இருக்கலாம். அந்த ஊர் வனவிலங்கு மீட்புக்காரர்களின் எண்ணை இப்போதே போனில் போட்டு வை.

அப்புறம் ஒன்று. வீட்டுக்கு வந்ததும் பைனாகுலரை அப்படியே துணியால் துடைக்காதே, உப்புத்தூள் கண்ணாடியைக் கீறிவிடும். நீர்புகா வகைதானே, நல்ல தண்ணீரில் மெல்ல அலசிவிட்டுத் துடை. உன் பக்கத்து ஓத அட்டவணையைத் தேடி அனுப்பு. அடுத்த பௌர்ணமியை ஒட்டி உனக்கு எந்த நாள் லீவு என்றும் சொல். எத்தனை மணிக்குப் போய் உட்கார வேண்டும் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா