முதலில் நுண்ணோக்கி, பிறகு புத்தகம்

ஆசிரியருக்கு, வணக்கம்.

பத்தொன்பது ஆண்டுகளாக உயர்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். செல் பாடத்தைப் படம் வரைந்து பாகம் குறிப்பதில்தான் நானும் தொடங்கிவந்தேன். செல்லுக்கு ஆற்றல் தரும் பாகமான மைட்டோகாண்ட்ரியாவின் வேலையை ஒரே மூச்சில் ஒப்பித்த மாணவி ஒருத்தியிடம் செல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவள் புத்தகத்தைக் காட்டினாள். அன்றிலிருந்து முதல் வகுப்பில் நான் புத்தகத்தைத் திறப்பதில்லை.

சிவப்பு வெங்காயத்தின் ஊதா நிறத் தோலை மெல்லியதாக உரித்து, நீர்த்துளியில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்கிறேன். செங்கல் அடுக்கியதுபோல் ஊதா அறைகள் தெரியும். பிறகு கண்ணாடி மூடியின் ஓரத்தில் ஒரு சொட்டு அடர்ந்த உப்புக்கரைசல், எதிர்ப்புறம் உறிஞ்சுதாள். சில நிமிடங்களில் ஊதா நிறம் செல் சுவரைவிட்டு விலகி நடுவே சுருங்கும். "உள்ளே ஏதோ நகர்கிறது!" என்று கடைசி வரிசைப் பையன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. சுவர் வேறு, சவ்வு வேறு என்பதை அதன்பின் நான் விளக்க வேண்டியதே இல்லை. செல்லின் சவ்வைக் கடந்து நீர் உப்புள்ள பக்கம் நகர்வதைக் குறிக்கும் சவ்வூடுபரவல் என்ற சொல்லை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக்கின் கதையும் அப்போதுதான் இனிக்கிறது. 1665இல் தக்கைச் சீவலில் அவர் கண்டு 'செல்' என்று பெயரிட்டவை உயிர் போன வெற்று அறைகள். மாணவர்கள் பார்த்ததோ உயிருள்ள செல்.

நாற்பது பேருக்கு ஒரு நுண்ணோக்கி என்றால் ஒரு பாடவேளை போதாது. பாடத்திட்டம் வகுப்போர் இதற்கென அடுத்தடுத்து இரண்டு பாடவேளைகளை ஒதுக்கட்டும். பாகங்களின் பட்டியல் அடுத்த வாரம்வரை காத்திருக்கலாம்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை