இடியாப்பம் வாசலோடு சரி

ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியத் தடுப்பு முகாம்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் சட்டமெல்லாம் சரி, உள்ளே இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் பாடுதான் இல்லை. இங்கே 1992 முதல் விசா இல்லாமல் வந்தவரைக் கட்டாயம் அடைத்து வைக்கிறார்கள். திருப்பி அனுப்ப வழியே இல்லாதவரைக் காலவரையின்றி வைத்திருக்கக் கூடாது என்று ஹைகோர்ட் (இங்கே அதுதான் உச்சம்) சொல்ல 2023 நவம்பர் ஆகிவிட்டது. நான் போய்ப் பார்க்கும் யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு வழக்கு இன்னும் முடியவில்லை. முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்து, போனை லாக்கரில் வைத்து, சோதனை முடிந்து உள்ளே போவதற்குள், வீட்டில் அவித்த இடியாப்பத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், சீல் உடையாத பிஸ்கட் மட்டும் போனது. அவன் அதைப் பிரித்து முதலில் எனக்குத்தான் நீட்டினான், நான் விருந்தாளியாம்! வழக்கை வக்கீல் பார்த்துக்கொள்வார், நீங்கள் சும்மா கிரிக்கெட் பேசவாவது போங்கள்.

– ஒரு வாசகர், சிட்னி