வீட்டில் இடித்தாலும் புகையிலை புகையிலைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் மூக்குப்பொடி பற்றி வாசகர் ஒருவர் எழுதியிருந்த நினைவுக் குறிப்பைப் படித்தேன். பொடி கட்டித் தரும் வாழை மட்டை, பித்தளை டப்பி, திண்ணையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு சிட்டிகை எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள் என்று எல்லாவற்றையும் சரியாகவே எழுதியிருந்தார். படிக்கப் படிக்க எங்கள் அப்பாவின் கடை என் கண்முன் வந்து நின்றது. ஆனால் கடைசியில், 'கடையில் விற்பதுதான் கெடுதல், நல்ல புகையிலை வாங்கி வீட்டிலேயே இடித்து வைத்துக்கொண்டால் ஒன்றும் செய்யாது' என்று முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு 67 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அப்பா சின்னதாக ஒரு பொடிக்கடை வைத்திருந்தார். விற்ற பொடி முழுவதும் எங்கள் வீட்டுக் கொல்லையில் இடித்ததுதான். அதனால் வீட்டுப் பொடி என்றால் என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

வேதாரண்யத்து இலை கட்டுக்கட்டாக வரும். நடு நரம்பை உருவி எறிந்துவிட்டு, பாயில் பரப்பி வெயிலில் காய வைப்போம். அப்புறம் அம்மா மண்சட்டியில் இளஞ்சூட்டில் வறுப்பார். கையில் எடுத்தால் அப்பளம் போல நொறுங்க வேண்டும், ஆனால் கருகிவிடக் கூடாது. அந்தப் பதம் அம்மாவுக்குத்தான் கைவந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்து ஈரத்துண்டால் கட்டிக்கொண்டுதான் உரலில் இடிக்க உட்காருவோம். இடித்ததைப் பழைய வேட்டித் துணியில் வஸ்திரகாயம் செய்வோம், அதாவது சலித்தெடுப்போம். கரையோரத்தில் வாங்கி வந்த கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்துத் தெளித்துப் பிசைவோம். பிறகு நெய். நெய் கூடினால் கட்டி தட்டும், குறைந்தால் மூக்கை அறுக்கும். அப்பா உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்துத்தான் 'போதும்' என்பார். ஜாடியில் போட்டுத் துணியால் வாயைக் கட்டி, சில நாள் ஊறிய பிறகுதான் அது கடைக்குப் போகும். கடையில் நீளமான மெல்லிய கரண்டியால் அதை அள்ளி, மட்டைக்குள் ஒரு சொட்டும் சிந்தாமல் அப்பா தட்டி இறக்குவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, 'நான் பிசைகிறேன்' என்று அடம்பிடித்து உட்கார்ந்தேன். சுண்ணாம்பு நீர் விட்ட புகையிலைத் தூளில் மணிக்கட்டு வரை கையை விட்டு அரை மணி நேரம் பிசைந்திருப்பேன். முதலில் வாயில் எச்சில் ஊறியது. அப்புறம் கொல்லைக் கிணறு சுற்றுவது போல இருந்தது. அன்று சாயங்காலம் வரைக்கும் வாந்தி. ஒரு சிட்டிகைகூட மூக்கில் போடவில்லை, கையால் தொட்டது மட்டும்தான். நெஞ்சு படபடவென்று அடித்ததும், அம்மா மோரைக் கரைத்துக் கொடுத்து என் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதும் இன்னும் நினைவில் இருக்கின்றன. புகையிலையில் இருக்கும் நிகோடின் என்ற விஷம் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் என்று பிற்காலத்தில்தான் தெரிந்துகொண்டேன். தோலுக்கே இப்படி என்றால் மூக்கின் உள்சவ்வுக்கு எப்படி இருக்கும்?

இவ்வளவு பழைய கதையை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. என் அக்கா வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறது. அத்தான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து சொல்தா (ராணுவ வீரர்) பென்ஷன் வாங்குபவர். நாற்பது வருடமாகப் பைப் பிடித்தவர், நெஞ்சுச் சளி முற்றி, டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகு ஒருவழியாக விட்டார். விட்ட ஒரே வருடத்தில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார். பொங்கலுக்குப் பாரீஸிலிருந்து வந்த அக்கா மகன், பாசத்தில் பைப் புகையிலை டப்பா இரண்டு கொண்டுவந்துவிட்டான். தன் அப்பா இப்போது பைப் தொடுவதில்லை என்று தெரிந்ததும், வீணாகப் போகக் கூடாது என்று அதை மூக்குப்பொடி ஆக்கிவிட்டான்.

எப்படிச் செய்தான் என்றும் சொல்கிறேன். தட்டில் பரப்பி ஓவன் அடுப்பில் குறைந்த சூட்டில் காய வைத்தான். மிக்ஸியின் சட்னி ஜாரில் போட்டு அரைத்தான். மைதா சலிக்கும் சல்லடையில் சலித்தான். உப்புத் தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடாவைக் கரைத்துத் தெளித்து, பாட்டிலில் போட்டு மூடி வைத்தான். வெனிலா மணம் போட்ட புகையிலை அது. எவ்வளவு காய வைத்தாலும் பிசுக்கு விடாமல் ஜாரின் அடியில் அப்பிக்கொண்டது. அந்த ஜாரை நான்கு தரம் கழுவியும் சட்னியில் நெடி போகவில்லை என்று அக்கா கடைசியில் தூக்கிப் போட்டுவிட்டாள்.

"இதுல புகையே இல்ல மாமா. கடைப் பொடி மாதிரி கெமிக்கலும் இல்ல. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்றான். அத்தான் ஏற்கெனவே இரண்டு வாரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த 16 வயதுப் பேரனுக்கும் ஒரு சிட்டிகை கொடுத்தார்கள். பையன் கண்ணில் நீர் வடியத் தும்மினான், எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பைப் புகையிலையை வெறும் இலை என்று நினைப்பதே தவறு. அது காய்ந்து போகாமல் இருக்கப் புரொப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பார்கள், சர்க்கரை, அதிமதுரம், கோக்கோ எல்லாம் ஏற்றுவார்கள். மூக்கில் ஏற்றுவதற்காக யாரும் அவற்றைச் சேர்க்கவில்லை. சரி, எதுவும் சேர்க்காத இலை என்றே வைத்துக்கொள்வோம். புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் ஒருவர் கொண்டுவந்து கலப்பதல்ல, இலை பதப்படும்போதும் கிடந்து ஊறும்போதும் அதற்குள்ளேயே உருவாகின்றன. மிக்ஸியில் அரைத்தால் போகாது, எங்கள் உரலில் இடித்தும் போகவில்லை. சமையல் சோடா செய்யும் வேலையும் எங்கள் கிளிஞ்சல் சுண்ணாம்பு செய்த வேலையும் ஒன்றேதான். சுண்ணாம்பு, சோடா போன்ற காரப்பொருள் சேரும்போது இலையில் இருக்கும் நிகோடின் கட்டவிழ்ந்து இன்னும் வேகமாக இரத்தத்தில் ஏறும். 'நல்ல காட்டமா இருக்கு' என்று வாடிக்கையாளர்கள் அப்பாவைப் பாராட்டியதற்குக் காரணம் இதுதான்.

அக்கா மகன் படித்த பிள்ளை. பிரான்ஸில் புகையிலைக் கடை வாசலில் தொங்கும் சிவப்புப் பலகைக்குக் 'கரோத்', அதாவது கேரட் என்று பெயராம். அந்தக் காலத்தில் புகையிலையைக் கேரட் போல இறுக்கிக் கட்டி, வேண்டியபோது துருவிப் பொடி ஆக்கியதால் வந்த பெயர். இதைக் கேட்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் 1560 வாக்கில் ஜான் நிக்கோ என்ற தூதர் தலைவலி மருந்தாகப் புகையிலையை பிரான்ஸ் அரசி கேத்தரீனுக்கு அனுப்பியதையும், நிகோடின் என்ற பெயர் அவரிடமிருந்து வந்ததையும் சொன்னான். எல்லாம் உண்மைதான். ஆனால் 1761-லேயே லண்டனில் ஜான் ஹில் என்ற மருத்துவர், பொடி போடுகிறவர்களின் மூக்கில் புற்று வருவதைப் பார்த்து எழுதி வைத்துவிட்டார். அதே பிரான்ஸில் லியோன் நகரத்தில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையில்லாப் புகையிலையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-ல் முடிவு சொல்லியிருக்கிறது. நிக்கோவின் கதையோடு இதையும் சேர்த்துச் சொல்லு என்று அவனிடம் சொன்னேன்.

'அண்ணாவே போட்டாரே' என்றார் அத்தான். பொடி பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. அண்ணாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தது ஊரறிந்த விஷயம். 1969 பிப்ரவரி 3 அன்று அவர் மறைந்தபோது அப்பா கடையைச் சாத்திவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணாவுக்கு அப்போது 59 வயதுதான். புற்றுநோய். பொடியால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொடி போடுவதற்குத் துணையாக அவர் பெயரை இழுப்பதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

எங்கள் அப்பாவுக்குப் புற்றுநோய் வரவில்லை. 79 வயது வரை இருந்தார். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் கடைசி இருபது வருடம் அவருக்கு எந்த வாசனையும் தெரியாது. மூக்குக்குள் பொருக்குத் தட்டிப் புண்ணாகி, இரவெல்லாம் வாயைத் திறந்து வைத்துத்தான் தூங்குவார். பண்ருட்டிப் பலாவை வீட்டில் அறுத்தால் தெருமுனை வரை மணக்கும், அப்பா வந்து 'பலா வாங்கினீங்களா?' என்று கேட்க மாட்டார். ஒருநாள் அடுப்பில் பால் சுண்டித் தீய்ந்து வீடு முழுக்கப் புகை, அவர் பக்கத்திலேயே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேஸ் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

என் மகள் பிறந்தபோது மடியில் வைத்து உச்சி மோந்தார். ஒரு தரம் மோந்துவிட்டு, திரும்பவும் குனிந்து நெடுநேரம் மோந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "பால் வாசனை வருதாடா?" என்று கேட்டார். நான் வருகிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டார்.

இதை அத்தானிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் அக்கா போன் செய்து, பாட்டிலில் மீதி இருந்ததை அவரே குழி தோண்டிக் கொட்டிவிட்டார் என்றாள். திரும்பப் போடாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் கேட்க வேண்டியது இதுதான். 2003-ல் வந்த புகையிலைச் சட்டத்தின் பட்டியலில் மூக்குப்பொடியும் உண்டு. 18 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது, பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்பது இதற்கும் சேர்த்துத்தான். மட்டையில் கட்டித் தரும்போது அந்தப் படம் எங்கே இருக்கிறது? வீட்டில் அரைத்த பாட்டிலில் யார் ஒட்டுவார்கள்? அதனால் பொடி பற்றி எது அச்சிட்டாலும், கீழே புகையிலைப் பழக்கத்தை விட உதவும் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356 என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

அப்பாவின் உரலும் அந்த நீளக் கரண்டியும் இன்னும் என் வீட்டில் இருக்கின்றன. கட்டுரை எழுதிய வாசகர் கடலூர் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வரட்டும், எடுத்துக் காட்டுகிறேன். பழைய கதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். அந்தக் கடைசி வரியை மட்டும் அவர் திருத்தி எழுத வேண்டும்.

இப்படிக்கு,
பொடிக்கடைக்காரர் மகன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.